உட்காருங்கம்மா

யாராவது என்னை "உட்காருங்கம்மா" என்றால் நான் உட்கார மாட்டேன். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் உட்காருவதில்லை.

2007இல் கடலூர் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் நானும் இலக்கியாவும் ஒரே அறை. ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் கரிக்கட்டையால் எழுதியிருந்தது: "சாம்பாரில் புழு. பிரின்சிபால் ஒருநாள் சாப்பிட்டுக் காட்டட்டும்." எழுதியது இலக்கியா. எனக்கு மட்டும்தான் தெரியும். பிரின்சிபால் எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு விசாரித்தார். உள்ளே போன ஐந்தாவது நிமிடம் அவள் பெயரைச் சொல்லிவிட்டேன். அடி உதை ஒன்றும் இல்லை. "ஒங்கப்பன வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார், அவ்வளவுதான். மறுநாள் அவளுடைய அப்பா கலியமூர்த்தி புவனகிரியிலிருந்து வந்து, அவள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

நான் படிப்பை முடித்துச் சிதம்பரத்தில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் சேர்ந்தேன். அவள் புவனகிரியில் டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் தானாகக் கற்றுக்கொண்டாள். என்னோடு பேசுவதை மட்டும் விடவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது என்று நம்பித்தான் நான்கு வருஷம் அவளோடு சிரித்துப் பேசினேன்.

2011இல் போன் செய்தாள். "அனு, ஒரு கேம் பண்ணியிருக்கேன்டி. படமெல்லாம் கெடயாது, எல்லாம் எழுத்துதான். படிச்சிட்டு, அடுத்து என்ன செய்யணும்னு நீ ஒண்ண அமுக்கணும். மெயில்ல அனுப்பியிருக்கேன். வெளையாடிட்டு எங்கெங்க தப்பு இருக்குன்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை கீழவீதி பிரவுசிங் சென்டருக்குப் போனேன். விளையாட்டில் ஒரு நாடு. அதை 'பெரியவர்' என்ற ஒரே ஆள் ஆள்கிறார். நான் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறவள். எனக்குத் தைரியத்துக்கு ஏழு புள்ளி கொடுத்திருந்தாள். பெரியவருக்கு எதிராக ஒரு நோட்டீஸ் வெளியாகிறது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு விடுகிறான். "நில். அச்சடித்தது யார், சொல்."

மூன்று விடைகள். தெரியாது. நான்தான். தோழியின் பெயரைச் சொல்.

பெரிய வீராங்கனை மாதிரி "நான்தான்" என்று அமுக்கினேன். சிறையில் போட்டார்கள். மறுபடி ஆடி "தெரியாது" என்றேன். நகத்தைப் பிடுங்கினார்கள். கம்ப்யூட்டரில் எவ்வளவு சுலபமாக நல்லவளாக இருக்க முடிகிறது! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தேன்.

"தப்பு எதுவும் இல்லடி. சூப்பரா இருக்கு."

"மூணாவத அமுக்குனியா?"

"இல்ல."

"எல்லாத்தயும் பாத்தாத்தானடி தப்பு தெரியும்? போன வச்சிடாத. இப்பவே அமுக்கு."

அமுக்கினேன். அதுவரை நில், சொல் என்று விரட்டிக்கொண்டிருந்த அதிகாரியின் பேச்சு மாறியது. "உட்காருங்கம்மா. டீ சாப்பிடுறீங்களா?"

பிரின்சிபால் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தது பிரின்சிபாலும் நானும் மட்டும்தான்.

"இந்த வரிய எப்படி எழுதுன?" என்று கேட்டேன்.

"வெளிய பெஞ்சுல அடுத்த ஆளா நான்தானடி உக்காந்திருந்தேன். முன்னாடி போனவங்கள எல்லாம் 'நில்லு, போ'ன்னாரு. ஒனக்கு மட்டும் கொரல் மாறிச்சி, 'உக்காருங்கம்மா'ன்னாரு. அதுக்கப்புறம் கேட்டது சரியா காதுல விழல. குத்துமதிப்பா எழுதிட்டேன்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டாவது போயிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"தப்பு இருந்தா சொல்லு அனு. திருத்திடறேன்."

"டீ இல்ல இலக்கியா," என்றேன். "காப்பி."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.