இனிப்புக்கு ஒரு விரல்

பிஸ்கட் தின்பதுதான் என் வேலை என்று சொன்னால் யாரும் என்மேல் இரக்கப்படுவதில்லை. தொழிற்சாலைக்குள் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குவளை, துப்புவதற்கு ஒரு தொட்டி. அரை மணிக்கொரு தரம் அடுப்பிலிருந்து தட்டு வரும். ஒன்றைக் கடித்து, மென்று, துப்பிவிட்டு, அட்டையில் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். பதினோரு வருடம் தவறாமல் மார்க் போட்டேன். ஆனால் ஒரு தடவைகூடத் துப்பியதில்லை. தொட்டியில் என் குடையை வைத்திருந்தேன்.

வயிறு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மதியம் ஆனால் ஊதிக்கொள்ளும்; சாயங்காலம் பெல்ட்டை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். நாக்கில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. கடைசியில் மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். "ஈஸ்ட் மாதிரி ஒரு பூஞ்சை. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். உங்களுக்கு அளவு மீறிப் போச்சு. மாத்திரை தரேன். கூடவே ஆறு வாரம் சர்க்கரை, மைதா, ரொட்டி எதுவும் வேண்டாம். எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கேட்குதான்னு பாப்போம். என்ன வேலை பாக்குறீங்க?"

"உணவுத் துறை" என்றேன்.

"பிஸ்கட் திங்கிற வேலை, டாக்டர்" என்று போட்டுக் கொடுத்தாள் மனைவி.

தொழிற்சாலையில் விஷயத்தைச் சொல்ல முடியாததற்குக் காரணம், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பெரியவர். ஒரு மாதம் ஜலதோஷம். மூக்கு அடைத்திருக்கிறது, ருசி தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னார். பேக்கிங் பிரிவுக்கு அனுப்பினார்கள். மூக்கு திறந்து பதினோரு வருடம் ஆகிறது, இன்னும் அங்கேதான் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார்.

ஆகவே குடையை எடுத்துவிட்டுத் துப்ப ஆரம்பித்தேன். தினமும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன் மனைவி நிறுத்துவாள்.

"நாக்கு."

நீட்டுவேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். பகலில் முதலாளிக்கு, சாயங்காலம் இவளுக்கு. என் நாக்கு எனக்குச் சொந்தமாக இருந்தது தூக்கத்தில் மட்டும்தான்.

தட்டில் அவித்த முட்டை, கீரை, வெள்ளரிக்காய், சர்க்கரை போடாத தயிர்.

"இது சாப்பாடா, தண்டனையா?"

"தண்டனைன்னா நான் எதுக்கு இதையே திங்கறேன்? நான் என்ன தப்பு பண்ணேன்?"

வெள்ளரிக்காயை மென்றேன்.

மூன்றாவது வாரம் வயிறு அடங்கியது. பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போனது. வெள்ளரிக்காய் இனிக்கும் என்று கண்டுபிடித்தேன். அன்றைக்குத் தட்டில் வந்த பிஸ்கட்டைக் கடித்தால், சர்க்கரை மூட்டைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

என் கண்ணாடிக்கு எதிரே மாவு பிசைகிற அறை. அங்கே இருப்பவனைச் சல்லடை என்று கூப்பிடுவோம். மாவையும் சலிப்பான், ஊர் வம்பையும் சலிப்பான். மேனேஜர் கையெழுத்து இல்லாமல் கலவையை யாரும் மாற்றக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. கையெழுத்து வர இரண்டு நாள் ஆகும். மாவு அதுவரை காத்திருக்காது. அதனால் எங்கள் இருவருக்குள் ஒரு பாஷை. ஒரு விரல் காட்டினால் இனிப்பு அதிகம். இரண்டு விரல், உப்பு. மூடிய கை, சரி. விரலைப் பார்த்து அவன் கைப்பிடி அளவு கூட்டுவான், குறைப்பான்.

ஒரு விரல் காட்டினேன். குறைத்தான். மறுநாளும் ஒரு விரல். புருவத்தை உயர்த்தினான், ஆனாலும் குறைத்தான். ஆறு நாள் இப்படியே. தன் தராசைவிட என் நாக்கை நம்புகிற ஒரே ஆள் அவன். ஆறாவது நாள் பிஸ்கட் எனக்குப் பிரமாதமாக இருந்தது. ஒன்பது மார்க்.

அடுத்த வாரம் கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. பிஸ்கட்டுக்குப் பதில் அட்டையை வைத்து அனுப்பிவிட்டீர்களா என்று ஒருவர் கடிதமே போட்டிருந்தார். மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"கார்டுல ஒம்பது மார்க் இருக்கு. அப்போ இவர் ருசி பாத்த தட்டு நல்லாதான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் கலவையை மாத்தினது யாரு?"

சல்லடை தரையைப் பார்த்தான். "கை தவறிருச்சு, சார்."

"ஆறு நாளாவா?"

"பெரிய கை, சார்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"உன்னை வெச்சுக்க முடியாதுப்பா" என்றார் மேனேஜர். பிறகு என்னிடம் ஒரு தட்டை நீட்டினார். "இது பழைய கலவை. நீங்க சரின்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது."

வாயில் போட்டேன். பாகு மாதிரி தொண்டை வரை இனித்தது. மேனேஜர் அறையில் துப்புகிற தொட்டி கிடையாது. விழுங்கிவிட்டுத் தலையாட்டினால் நாற்காலி எனக்கு, வேலை போவது அவனுக்கு. கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினேன்.

"என்னங்க இது?"

"எனக்கு இது ரொம்ப இனிக்குது, சார். பிஸ்கட் சரிதான். நாக்குதான் மாறிப் போச்சு. குறைக்கச் சொன்னது நான். இந்த விரல்."

டாக்டரிலிருந்து வெள்ளரிக்காய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சல்லடைக்கு எச்சரிக்கைக் கடிதம். வேறு ஆள் கிடைக்கும் வரை ருசி நாற்காலியில் அவனே உட்கார வேண்டும். நான் பேக்கிங்.

"வைத்தியம் முடிஞ்சதும் பழையபடி நல்லா சாப்பிட்டு, நாக்கைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

சாயங்காலம் வாசலில் நாக்கை நீட்டினேன்.

"சுத்தமா இருக்கே" என்று டார்ச்சை அணைத்தாள். முகம் மலர்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ நாற்காலி வேணும்னா வயிறு போகணும். வயிறு வேணும்னா..."

"அட்டைப்பெட்டி."

வெள்ளரிக்காயை நறுக்கினாள். அன்றைக்கு என் தட்டில் இரண்டு துண்டு அதிகம் இருந்தது.

மறுநாள் பெரியவருக்குப் பக்கத்தில் நின்று பெட்டி ஒட்டினேன். "மூக்கடைப்பா, தம்பி?" என்று ஆவலாகக் கேட்டார். "இல்லண்ணே, வயிறு" என்றேன். ஏமாந்து போனார்.

அங்கிருந்து பார்த்தால் கண்ணாடி அறை தெரிந்தது. சல்லடை முதல் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, பழக்கத்தில் என்னைத் தேடினான். என் கையும் தானாக எழும்பியது. அதைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவனே யோசித்து மார்க் போட்டான். பிறகு இன்னொரு பிஸ்கட் எடுத்தான். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொன்று.

துப்புகிற தொட்டிக்குள் அவனுடைய சாப்பாட்டுப் பை இருந்தது.

இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய் அந்தப் பையை வெளியே எடுத்து வைத்தேன்.