ஒன்றேகால் அங்குலம்

"பெய்யாத மழைக்கு ஏக்கருக்குப் பதினோரு டாலர். ஆனா இந்தத் தடவ அதுவும் கிடையாது" என்று இன்சூரன்ஸ் ஏஜெண்ட் டுவெய்ன், பன்றிக்கறி வைத்த பன்னை மென்றபடி சொன்னபோது, கோரின் அவருக்குப் பக்கத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா எமில் வாசெக்கை அடக்கம் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கல்லறையில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து நின்ற அதே ஆட்கள், தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு வந்து முதல் கவளம் இறங்கியதும் புல்லைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள். மாடு வளர்ப்பவர்கள் கூடிய துக்கத்தில் வேறென்ன பேச்சு இருக்கும்?

"நேத்துதான் அரசாங்கத்துக் கணக்கு வந்துச்சு. வழக்கமான மழையில நூத்துக்குத் தொண்ணூறுக்குக் கீழ இறங்கினாதான் காசு. மேப்புல நம்ம ஏரியாவுக்குப் போட்ட கட்டம் தொண்ணூத்தொண்ணுல நிக்குது."

"நம்ம கட்டத்துல எங்கய்யா மழை பேஞ்சுது?" என்றார் பக்கத்துப் பண்ணை லைல் டோர்ன். "என் மேய்ச்சல்ல கால வச்சா புல்லு கண்ணாடியாட்டம் நொறுங்குது."

"உன் வேலிக்கு அந்தப் பக்கம் பேஞ்சிருக்கு. இந்தக் கட்டத்துக்கே எமிலோட மழைமானி ஒண்ணுதான். ஆகஸ்டுல மூணு தடவ நம்பர் குடுத்திருக்காரு."

லைல் கையிலிருந்த பன்னைத் தட்டில் வைத்தார். "எமில் சொன்னா பேஞ்சிருக்கும். நாப்பத்தோரு வருஷமா ஒரு நம்பர் தப்புனதில்ல. அந்தாளு எச்சி துப்புனாக்கூட அளந்துட்டுத்தான் துப்புவாரு."

மேசையே சிரித்தது. கோரின் ஊற்றிய காபி கோப்பையைத் தாண்டி லைலின் கையில் வழிந்தது.

"ஏம்மா, குழி இன்னும் மூடலேன்னு என்னையும் சேத்து அனுப்பப் பாக்கறியா?"

"மன்னிச்சுக்குங்கண்ணே."

"விடு. அந்த இன்சூரன்ஸ் இருபதாயிரத்த நம்பி வைக்கோல்காரன்கிட்ட வாய விட்டுட்டேன். பாதி மாட்ட ஆகஸ்டுலயே சந்தைக்கு ஏத்தி அனுப்பியாச்சு. மீதியையும் அனுப்பிட்டா, பனிக்காலத்துல வேலையே இல்ல பாரு, நல்லாத் தூங்கலாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இந்த முறை மற்றவர்கள் சிரிக்கவில்லை.

கோரின் கெண்டியை அடுக்களையில் வைத்துவிட்டு, தொட்டிமேல் குனிந்து நின்றாள். குழாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

ஜூலையில் அப்பா படுக்கையில் விழுந்தபோது, ஓமஹா நகரத்தில் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவள் அவள். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் கேட்கும் முதல் கேள்வி "எவ்ளோ?" என்பதுதான். வேலிக்கம்பத்தில் கட்டிய மழைமானியின் கண்ணாடிக் குழாயைப் பார்த்து வந்து, "ஒண்ணுமில்லப்பா" என்பாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிறகு கஞ்சியும் இறங்காது, மாத்திரையும் இறங்காது.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, கிணற்றிலிருந்து ஏறும் அடுக்களைத் தண்ணீரை அந்தக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போனாள்.

அப்பா மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, வைரம் பார்க்கும் வியாபாரிபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாப்பது" என்றார்; அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு. பிறகு கட்டிலோரத்துத் தொலைபேசியில் வானிலை அலுவலகத்தின் பதிவுக் குரலுக்கு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி அந்த நம்பரைக் கொடுத்தார். அன்று முழு முட்டை சாப்பிட்டார். கோரின் தடுக்கவில்லை. ஒரு கிழவரின் நம்பரைக் காலையில் ரேடியோவில் வாசிப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

பதினேழாம் தேதி முப்பத்தைந்து. இருபத்தாறாம் தேதி ஐம்பது. அந்த மூன்றாவது தடவை அப்பா குழாயில் சுண்டுவிரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அவளையும் வெகுநேரம் பார்த்தார். மழையை ருசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் "எவ்ளோ?" என்று கேட்கவே இல்லை; தினமும் ஏழு மணிக்குத் தானே பூஜ்யத்தை அழுத்திவிடுவார்.

அவர் போன நாளிலிருந்து, காலை ஏழு மணியானால் அந்த அறையில் பொத்தான் அழுத்தும் சத்தம். முதல் நாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கட்டில் காலி. இரண்டாம் நாள் வாசலோடு நின்றுகொண்டாள்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை ஏழுக்குப் பொத்தான் சத்தம் கேட்கவில்லை. தொலைபேசி மணியே அடித்தது.

எடுத்தாள். மூன்று நாளாக இந்த நிலையத்தின் மழை அளவு வரவில்லை என்றது பதிவுக் குரல். கோரின் பூஜ்யத்தை அழுத்தினாள்.

"நன்றி, எமில் வாசெக்" என்றது குரல்.

வைத்த பிறகும் கையைத் தொலைபேசியிலிருந்து எடுக்க முடியவில்லை. தலைமாட்டுச் சுவரில் தீவனக்கடை கொடுத்த நாட்காட்டி தொங்கியது. பின்னால் மடிந்திருந்த செப்டம்பர் தாளை முன்னால் திருப்பினாள், பிறகு ஆகஸ்டை. ஆகஸ்டில் அப்பாவின் பென்சில் நம்பர்கள் மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும், பிறகு சேர்த்த கோணல் எழுத்து: கிணற்றுத் தண்ணீர்.

திருத்தம் சொல்ல ஒரு போன் போதும். கையெட்டும் தூரத்தில் போன். சொல்லியிருந்தால் ஏன், யார் என்ற கேள்வி மகள்மேல் வந்திருக்கும். அவர் சொல்லவில்லை. தாளின் அடி ஓரத்தில் கூட்டிப் போட்டு, லைலின் பெயரை எழுதி, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதி வைத்திருந்தார்.

வெளியே லைலின் வண்டி வந்து நின்றது. ஜூலையிலிருந்து இந்தப் பண்ணையின் மாடுகளுக்கும் அவர்தான் காலையில் தீவனம் போடுகிறார்.

"கோரின், எழுந்துட்டியாம்மா? காபி இருந்தா குடு. இன்னிக்காவது கோப்பைக்குள்ள ஊத்து!"

"வாங்கண்ணே, உள்ள வாங்க" என்றாள்.

நாட்காட்டியைக் கழற்றி அடுக்களை மேசையில் வைத்து, ஆகஸ்டுத் தாளைப் பிரித்தாள். இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள். அவர் வாசலில் பூட்சைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பென்சிலைத் தேடி எடுத்து, கணக்கின் கடைசி வரியில் ஒரு பெயரை மட்டும் அடித்து மாற்றி எழுதினாள்.

0.40. 0.35. 0.50. ஆக 1.25 அங்குலம்.
பெற வேண்டியவர்: லைல் டோர்ன்.
தர வேண்டியவர்: கோரின் வாசெக்.