தண்ணீர் பாட்டிலில் போட்ட மாத்திரை

தெய்வசிகாமணி அதை இரண்டு தென்னை ஈர்க்குகளின் நடுவே இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். குழாயடியில் கழுவித்தான் எடுத்து வந்திருந்தார். ஆனாலும் கையை உடம்பிலிருந்து தள்ளியே நீட்டிப் பிடித்திருந்தார்.

"டேய், இது இன்னா?"

லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி சிவசங்கர் துணியோடு திரும்பினான். பார்த்ததும் புரிந்துவிட்டது. நேற்றுக் காலையில் அவன் விழுங்கிய மாத்திரை. உடையாமல், கரையாமல், விழுங்கியபோது இருந்த அதே வடிவத்தில் வெளியே வந்திருந்தது. அண்ணன் குடும்பத்துக்கும் அவன் குடும்பத்துக்கும் சேர்த்துக் கழிவறை ஒன்றுதான். விடியலில் போனவன் தண்ணீர் ஊற்ற மறந்திருக்கிறான்.

"தண்ணி ஊத்தவே ஞாபகம் இல்லாதவனுக்கு ஞாபகத்துக்கு மாத்திரை! அதுவும் போனது போனாப்புலயே வந்துக்கினு கீது. பெரியநாயகி, இங்க வந்து பாரு. பாண்டிச்சேரிலேர்ந்து வந்த விருந்தாளி, இவன் வயித்துல ஒரு ராத்திரி தங்கிட்டுக் கெளம்பிடுச்சி."

அண்ணி சமையலறை வாசலில் நின்று முகத்தைச் சுளித்தாள். "கர்மம், அத இன்னாத்துக்கு எடுத்தாந்தீங்க? தூக்கிப் போடுங்க."

"போட மாட்டேன். இவனுக்கு டாக்டரு பட்டை நாமம் போட்டுக்கினு கீறாங்க. அதப் பாக்கட்டும்."

சிவசங்கருக்கு முப்பத்தெட்டு வயது. போன வருடம்தான் பாண்டிச்சேரி டாக்டரம்மா அவனுடைய தொல்லைக்கு ஏடிஎச்டி என்று பெயர் சொன்னார். கவனம் ஓர் இடத்தில் நிற்காது; நின்றால் வேண்டாத இடத்தில் போய் நிற்கும். முதலில் தந்தது குறுகிய நேர மாத்திரை. மோட்டார் போட்டு வயலில் ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சுவதைப் போன்றது அது. போட்ட அரை மணியில் மனம் நிரம்பி நிற்கும், நான்கு மணி நேரத்தில் வற்றிவிடும். அதனால் மதியம் இன்னொன்று போட வேண்டும். மறதிக்காரன் மறக்காமல் போட வேண்டிய மாத்திரை. அதுவும் முதல் மாத்திரை வற்றிப்போய் மறதி திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து! எத்தனை நாள் நினைவிருக்கும்? அப்படி மறந்த ஒரு மதியம் தார்ப்பாய்க் கயிற்றை ஒரு பக்கம் கட்டாமலே வெள்ளிமலையிலிருந்து கிளம்பிவிட்டான். வளைவுக்கு வளைவு மரவள்ளிக்கிழங்கு உருண்டது. பின்னால் பைக்கில் வந்தவர் கீழே விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் டாக்டரம்மாவிடம் போய், காலையில் ஒன்று போட்டால் மாலை வரை நிற்கும் மாத்திரைக்கு மாறினான். முதல் சில நாள் வண்டி எடுக்காமல், உடம்பைக் கவனித்துப் பார்த்துவிட்டு, அவர் சரி என்ற பிறகே ஓட்ட ஆரம்பித்தான். மதிய நேரத்தில் தலைக்குள் இப்படி ஓர் அமைதியை அவன் இதுவரை அறிந்ததில்லை.

"அது கரையற மாத்திரையே இல்லண்ணா. அது கூடு. இரு, காட்டறேன்."

லாரிக் கதவில் படிந்திருந்த செம்மண் தூசியில் விரலால் நீளவாக்கில் ஒரு முட்டை வரைந்தான். ஒரு பொருள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அவனுக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. மேல் பூச்சில் கொஞ்சம் மருந்து இருக்கிறது, அது சீக்கிரம் கரைந்து காலை நேரத்துக்கு உதவும் என்றான். அதற்குள் கெட்டியான தோல். தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும், மருந்து வெளியே வர முடியாது. தோலின் ஒரு முனையில் மட்டும் ஊசி குத்தினாற்போல ஒரு துளை. மறுமுனையில் தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்புகிற ஒரு பொருள். அது உப்ப உப்ப மருந்தைப் பின்னாலிருந்து தள்ளும். முறுக்கு அச்சில் மாவு பிதுங்குகிற மாதிரி மருந்து அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கப் பிதுங்கும். மருந்து தீர்ந்தால் வெறும் தோல் வெளியே வரும்.

"ஓகோ. முறுக்கு சுட்டு முடிச்சிட்டு அச்ச கக்கூஸ்ல போட்டுட்டான்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒனக்குப் புரியலன்னா அது பொய்யாண்ணா?"

"உள்ள இன்னா கீதுன்னு தெரியாம முழுங்கனவன் கதிய கருணாபுரத்துல பாத்தல்ல? எவனோ நல்ல சாராயம்னான், குடிச்சான், செத்தான். எவளோ மாத்திரைன்னா, நீ முழுங்கற. நாளைலேர்ந்து தமிழழகன டிரைவரா போடறேன். சாவிய எடு."

சிவசங்கர் சாவியை எடுக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனான். அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினான். கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதற்குள் போட்டு மூடினான். வெளியே வந்து, லாரிக்குள் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டான்.

"பகல் பூரா ஒன் கண்ணெதிர்ல தொங்கட்டும். சாயங்காலத்துக்குள்ள மருந்து வெளிய வந்து தண்ணி வெளுக்கலன்னா சாவிய நானே குடுத்துடறேன்."

"வெளுத்தா?"

"மாத்திரையப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. வண்டி என்கிட்டதான்."

"சரி. நானும் வரேன். நீ நடுவுல சுண்ணாம்பு கலக்காம பாத்துக்கணும்ல."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கும்போதே பாட்டிலில் மெல்லிய புகை போல வெண்மை பரவியிருந்தது. "பாத்தியா, மேல்பூச்சு!" என்றான் சிவசங்கர். அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வளைவில் சிவசங்கர் மறுபடி பாட்டிலைப் பார்த்தான். எதிரே பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டு வந்தது. கடைசி நொடியில் பிரேக்கை அழுத்தினான். லாரி குலுங்கி நின்றது.

"ரோட்டப் பாருடா! பாட்லு எங்கயும் ஓடிப் போவாது."

கிழங்கு ஏற்ற வேண்டிய காட்டுக்குத் திரும்பும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். ஆட்கள் கிழங்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவன் அங்கே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ சாமை உமி நீக்கும் மெஷின் வாங்கியிருந்தார்கள். அதன் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். லோடு ஏறி முடிந்ததும் பின்கதவின் ஒரு கொண்டி மாட்டப்படாமல் தொங்குவதை அண்ணன்தான் பார்த்தார். மாட்டிவிட்டு, தேடிக்கொண்டு வந்தார்.

"புது மாத்திரை ரொம்ப நல்லா வேல செய்யுதுடா. கதவத் தெறந்து வுட்டு லோடு அடிக்கிற அளவுக்குத் தெளிஞ்சிட்ட."

சிவசங்கருக்கும் சந்தேகமாக இருந்தது. இந்த இரண்டு வாரமாக இப்படி இல்லையே. அப்போதுதான் மனைவி சந்தியா போனில் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, அண்ணன் தம்பி சண்டைல மாத்திரை போட்டீங்களா இல்லியா? அட்டைல இன்னிக்கிக் குழி காலியா கீது. போட்டிருப்பீங்கதான?"

"போட்டேன், போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கேபினுக்குள் பார்த்தான். இன்றைய குழியில் இருந்தது அங்கே பாட்டிலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

அட்டையைப் பிதுக்கியது நினைவிருந்தது. விரலில் மாத்திரை பட்டது நினைவிருந்தது. தினமும் அவன் மனம் வைத்திருந்த அடையாளம் அவ்வளவுதான், பிதுக்கினால் போட்டாயிற்று. அதற்குப் பிறகு வாய்க்குப் போனதா பாட்டிலுக்குப் போனதா என்று மனம் பார்க்கவில்லை. அட்டை வீட்டில் இருந்தது. கையில் இருந்திருந்தாலும் பயன் இல்லை. நாள் முழுக்க வேலை செய்கிற மாத்திரையை இந்த நேரத்தில் போட்டால் ராத்திரி தூக்கம் போகும். நாளைக்குத் தூங்காத கண்ணோடு மலை ஏற வேண்டும்.

எதிரே இறக்கம். பின்னால் முழு லோடு. அண்ணனிடம் சொன்னால் சாவி போய்விடும். சொல்லாமல் மெதுவாக இறங்கிவிடலாம். சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான். காலையில் எதிரே வந்த பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் ஞாபகம் வந்தது.

"ண்ணா, நீ ஓட்டு."

"இன்னா?"

"நான் இன்னிக்கி மாத்திரை போடல. போட வேண்டியத பாட்டில்ல போட்டுட்டேன்."

தெய்வசிகாமணி சிரித்த சிரிப்பில் லோடு ஏற்றியவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப மாத்திரை இல்லன்னா நீ ஆளே இல்ல?"

"லோடோட எறக்கத்துல ஓட்டற ஆளு இல்ல."

"இத்தினி வருசமா எப்பிட்றா ஓட்டன?"

"தெரியாம ஓட்டனேன். இப்பத் தெரிஞ்சிகினு ஓட்ட முடியாது."

"நல்ல நாயம். தெரியாட்டி டிரைவர், தெரிஞ்சா சீக்காளி." கையை நீட்டினார். "குடு. வண்டிய மொதல்ல வாங்கனதே நான்தான்."

கிழங்கைப் பிடுங்கிய பிறகு காத்திருக்க முடியாது. நேரம் ஆக ஆக மாவு குறையும். ஜவ்வரிசி மில்லில் மாவைப் பார்த்துத்தான் விலை. முழங்கால் வலி வந்து லாரியை விட்டு நாளாகியிருந்தாலும் தெய்வசிகாமணி ஏறி உட்கார்ந்தார். மூன்றாம் கியரில் விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினார்.

"ண்ணா, ரெண்டாம் கியர்ல வுடு. இஞ்சினே வண்டியப் புடிக்கும். பிரேக்கயே மிதிச்சினு வந்தா லைனிங் சூடேறிடும், அப்பறம் எவ்ளோ மிதிச்சாலும் நிக்காது."

"மாத்திரை போடாத டிரைவர் பேசக் கூடாது."

"ஏறன கியர்லதான் எறங்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்."

"அப்ப நீ கேட்டியா? இப்ப நான் எதுக்குக் கேக்கணும்?"

கோமுகி அணை கீழே தெரியும் வளைவில் கருகல் நாற்றம் கேபினுக்குள் ஏறியது. அண்ணனின் கால் அழுத்திக்கொண்டே இருந்தது. வண்டியின் வேகம் குறைய மறுத்தது. சிவசங்கர் எட்டிக் கியர் கம்பியைப் பிடித்தான். "கிளச்ச மிதி! மிதிண்ணா!" என்று கத்தினான். இஞ்சின் உறுமிக்கொண்டு முதல் கியருக்கு இறங்கியது. வளைவின் அகலமான ஓரத்தில், மண் மேட்டில் முட்டி நின்றார்கள்.

பின்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தெய்வசிகாமணி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சிவசங்கர் குறுக்கே போய் நின்றான்.

"ஊத்தாத. சூடேறன பிரேக் டிரம்முல பச்சத் தண்ணி பட்டா வெடிச்சிடும். தானா ஆறட்டும்."

"எல்லாம் தெரியும் ஒனக்கு. மாத்திரை போட மட்டும் தெரியாது."

"நீ காலைல அத ஈர்க்குல தூக்கினு வராம இருந்தா போட்டிருப்பேன்."

"நான் பெத்த புள்ளயாடா நீ, உனக்கு வாய்ல மாத்திரை போட்டு வுட?"

குடத்தைத் தரையில் வைத்துவிட்டு அண்ணன் கேபினுக்குள் பார்த்தார். பாட்டில் தண்ணீர் அரிசி கழுவிய நீரைப்போல வெளுத்திருந்தது. அடியில் மாத்திரை முழுசாகவே கிடந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"வெளுத்துடுச்சி. ஒத்துக்கறேன். நெஜ மாத்திரைதான்."

சிவசங்கரின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் துளையை இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தான்.

"அதனாலதான் சாவி குடுக்க மாட்டேன்" என்றார் அண்ணன். "பொய் மாத்திரைன்னா நீ ஏமாந்தவன், அவ்ளோதான். நெஜம்னா, நீ மறக்கற அன்னிக்கி எதிர்ல வர்றவன் சாவான்."

"இன்னிக்கி மறந்தேன். ஓட்டலியே."

"சந்தியா போன் பண்ணலன்னா?"

சிவசங்கருக்குக் காலையில் எதிரே வந்த பேருந்துதான் மறுபடி கண்ணுக்கு வந்தது. வண்டி ஆறும் வரை ஒருவர் முன்சக்கரத்தருகிலும் மற்றவர் பின்சக்கரத்தருகிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். பிறகு முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கினார்கள். மில்லுக்குப் போனபோது சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் அண்ணன் லாரியிலிருந்து இறங்கினார்.

மறுநாள் காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி பையிலேயே இருந்தது.

"தமிழழகன் நெல்லுக்கு ஓட்டப் போயிட்டானாம், தை முடிஞ்சிதான் வருவானாம். ஆளு கெடைக்கற வரைக்கும் நீ ஓட்டு. ஆனா தெனம் என் எதிர்ல முழுங்கணும். முழுங்கனாதான் சாவி."

"மாமா, அவரு இன்னா சின்னப் புள்ளயா?" என்று சந்தியா கதவோரத்திலிருந்து சீறினாள்.

"சின்னப் புள்ளன்னா நான் லாரி குடுப்பனா?"

சிவசங்கர் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தான். கடிக்காமல் விழுங்கினான்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினான். அண்ணன் போனில் டார்ச் அடித்துப் பார்த்தார். அண்ணி அந்த நேரம் பார்த்துக் கோலம் போட வெளியே வந்தாள். அவன் காதெல்லாம் சிவந்தது. ஆனாலும் வாயை மூடவில்லை. அண்ணன் போதும் என்று தலையாட்டிய பிறகுதான் மூடினான். சாவி கைக்கு வந்தது.

ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். வாசலைத் தாண்டுமுன் பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்த்தான். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"மலைக்குப் போவல. லைனிங் தீஞ்சி கீது. கள்ளக்குறிச்சில கழட்டிப் பாத்து மாத்தணும்."

"ஒரு நடை அடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம். மில்லுக்காரன் காத்துக்கினு கீறான்."

"பாக்காம எடுக்க மாட்டேன். நீயும் வா. தீய்ச்சது நீ. ஒன் எதிர்லதான் சக்கரத்தக் கழட்டணும். எவ்ளோ தீஞ்சிதுன்னு நீ குனிஞ்சி பாக்கணும்."

தெய்வசிகாமணி நாற்காலியை விட்டு எழாமல் அவனை முறைத்தார். சிவசங்கர் டிரைவர் சீட்டில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாவியைத் திருப்பவில்லை. கடைசியில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். மறுபக்கம் ஏறி, கதவை இழுத்து அறைந்த அறையில் அண்ணியின் கை தடுமாறிக் கோலமாவு கொட்டியது.