அழுத்திச் சொன்ன பெயர்

பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்கத் தோன்றாது. வாயைத்தான் பார்க்கத் தோன்றும். நாக்கு எங்கே இடிக்கிறது, காற்று எந்தச் சந்தில் கசிகிறது என்று கண் தானாகப் போய் நிற்கும். "என் கண்ணு கொஞ்சம் மேல இருக்கும்மா" என்று முதலாளியே அவளைக் கிண்டல் செய்வார்.

அதனால்தான் அன்றைக்குச் சாயங்காலம் அவள் கையிலிருந்த சீப்பு பாதிப் பின்னலில் நின்றுபோனது. மடியில் உட்கார்ந்திருந்த மகள் தன் பொம்மைக்குத் தன் பெயரையே வைத்துவிட்டு, அதை அதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட விதம்தான் அவளைக் குனிந்து மகளின் வாயைப் பார்க்க வைத்தது.

பழைய காலத்துப் பெயர் அது. அவளும் அவளைக் கேட்டுப் பழகியவர்களும் நடு எழுத்தை நாக்கால் பட்டும் படாமலும் தொட்டு, கடைசி எழுத்தை நழுவ விட்டுவிடுவார்கள். புருஷன் வீட்டில் வேறு மாதிரி. நடு எழுத்தைக் கல்லைக் கடிக்கிறாற்போல் அழுத்தி, கடைசியை வெடுக்கென்று முறிப்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி மெதுவாகச் சொல்லிவிட்டால் போச்சு, பேச்சை நிறுத்தி, சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். கல்யாணமாகிப் போன புதிதில் அவளையும் அப்படித்தான் கூடத்தில் நிற்க வைத்தார்கள். அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு எவர் வாயிலும் அந்த அழுத்தத்தை அவள் கேட்டதில்லை.

அந்த வீட்டில் எல்லாம் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். புருஷனுக்கு மூத்தவள், பிள்ளை இல்லாதவள். தம்பிக்குப் பிறக்கும் முதல் பிள்ளை தனக்கு என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசி முடித்திருந்தாள். தம்பியும் தலையாட்டியிருந்தான். பெற்றவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை பிறந்ததும் பெயரை வைத்தவளும் நாத்தனார்தான். தொட்டிலைத் தன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனவளும் அவள்தான். பால் கொடுக்க மட்டும் இவளைக் கூப்பிடுவார்கள். குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில், இவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, காதும் காதும் வைத்தாற்போல் கிளம்பி வந்துவிட்டாள்.

ஊரை மாற்றினாள், போன் நம்பரை மாற்றினாள். பெயரை மாற்ற மட்டும் மனசு வரவில்லை. மாற்றினால் அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அழுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு மெத்தென்று கூப்பிட்டாள். இங்கே எல்லாரும் அவள் வாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். பெற்ற பிள்ளை உட்பட.

"யாருடி உனக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"அதாம்மா கரெக்ட்டு. நீ தப்பா சொல்ற" என்றாள் மகள், பொம்மையின் தலையைத் தட்டிக்கொண்டே. இன்னொரு தடவை சொல்லியும் காட்டினாள். இந்த முறை நடு எழுத்தோடு லேசாக ஒரு சீழ்க்கையும் வந்தது. நாத்தனாருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. காற்று அதில் அப்படித்தான் கசியும். பிள்ளை அதையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

அவள் பின்னலை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே ஓடினாள். கீழ்வீட்டில் ஒரு தையல்காரி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை, இவள் வேலையிலிருந்து திரும்பும்வரை பார்த்துக்கொள்பவள். தங்கமான மனுஷி, வாய்தான் ஓயாது.

யாராவது புதிதாக வந்தார்களா என்று கேட்டதுதான் தாமதம், மெஷினை நிறுத்தாமலே தையல்காரி கொட்டித் தீர்த்தாள். பக்கத்துச் சந்தில் ஓர் அக்கா குடிவந்திருக்கிறாராம். பெரிய இடமாம், ஆனால் துளி கர்வம் கிடையாதாம். ஒரு மூட்டைத் துணி கொடுத்துக் கவுன் தைக்கச் சொன்னாராம். தினமும் வந்து உட்கார்ந்து பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பாராம்.

"அவங்களுக்கும் இதே உசரத்துல ஒரு பொண்ணு இருக்காம். வெளியூர்ல இருக்கா, சீக்கிரம் கூட்டிட்டு வந்துடுவேன்னாங்க. அதனால உன் பொண்ணையே நிக்க வச்சு அளவெடுத்தேன். பாரேன், வருஷக்கணக்குல போடணும், உள்ள நிறைய மடிச்சுத் தைன்னு சொல்லிருக்காங்க."

சுவரோரம் கவுன்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பிரித்துவிடத் தோதாகத் துணி தாராளமாக மடிக்கப்பட்டிருந்தது. அவள் ஒரு கவுனின் ஓர மடிப்பை விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"ஏன் இப்படி வெளுத்துப் போற? உக்காரு" என்ற தையல்காரி, பிள்ளையிடம் திரும்பித் தண்ணீர் எடுத்துவரச் சொன்னாள். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். நடு எழுத்தை நன்றாக அழுத்தி.

தண்ணீரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்து தாழ்ப்பாள் போட்டாள். பையை இழுத்துப்போட்டு, கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தாள். அந்த அக்கா வேறென்ன சொன்னார் என்று திணித்தபடியே மகளிடம் விசாரித்தாள். தன்னை அம்மா என்று கூப்பிடச் சொன்னாராம். மாட்டேன் என்றதற்குக் கோபப்படவில்லையாம், சிரித்துவிட்டு, பரவாயில்லை, மெதுவாகப் பழகும் என்றாராம்.

அவள் மகளின் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு கண்ணு. உன் பேரை அம்மா எப்படிச் சொல்றேனோ, அப்படிச் சொன்னா மட்டும்தான் நீ ஏன்னு குரல் குடுக்கணும். வேற மாதிரி யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. சரியா?"

பிள்ளை சமர்த்தாகத் தலையாட்டியது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாத நடை. பின்னாலேயே தையல்காரியின் வளையல் சத்தமும் வாயும். "மேலதாங்க்கா இருக்கா, உடம்பு சரியில்ல போல, மூஞ்சியே சரியில்ல." கதவுக்கு வெளியே செருப்பு நின்றது.

வெளியே நின்றவள் முதலில் பெயரை அழுத்திச் சொல்லிக் கூப்பிட்டாள். சீழ்க்கை கதவிடுக்கில் நுழைந்து வந்தது. பிள்ளை அம்மாவைப் பார்த்தது, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது, திரும்பவில்லை. பெற்றவள் அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பிறகு வெளியே தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது நடு எழுத்து பட்டும் படாமலும் வந்தது. கடைசி எழுத்து நழுவி, இழைந்து அடங்கியது. சீழ்க்கை இல்லை. அச்சு அசல் பெற்றவளின் குரல்தான்.

பிள்ளை அம்மாவின் வாயை அண்ணாந்து பார்த்தது. வாய் மூடித்தான் இருந்தது. ஆனாலும் சொன்ன சொல் தவறாத பிள்ளை அல்லவா.

"ஏன்?" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தது. பிறகு பெருமை தாங்காமல் அவள் காதில் கிசுகிசுத்தது. "சரியா சொல்றாங்கல்லம்மா? நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகைக் கதவுக்குக் கொடுத்து உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஜன்னல் கம்பி, அந்தப் பக்கம் அடுப்படி. வேறு வழி கிடையாது. வெளியே தையல்காரி நாற்காலியைப் படி மேல் இடித்து இடித்துத் தூக்கி வருவது கேட்டது. யாரோ அதில் சாவகாசமாக உட்கார்ந்தார்கள்.

"மெதுவா வரட்டும்" என்றது நாத்தனாரின் குரல், யாரிடமோ சொல்வதுபோல. "உள்ள ரெண்டு பேரும் இருக்காங்கன்னு தெரிஞ்சு போச்சில்ல. தம்பியும் வந்துக்கிட்டுதான் இருக்கான்."