பாவு நகர்த்திய தெரு

விடியற்காலைக் குளிரிலும் ஆதிகேசவன் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. தெரு நீளத்துக்கு மூங்கில்கள் மேல் இழுத்துக் கட்டிய, தறியேற்றப் போகும் பட்டு நூல் பாவில் கஞ்சி தடவிக்கொண்டே நடக்கும் கூலி வேலை. நாலு எட்டு வைப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டி ஊர் உயிரையெல்லாம் காப்பாற்றிய மனுஷன்.

அந்த வண்டியில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் நான், கியாசுதீன். போன தை மாசம், பிரசவ வலியில் துடித்த காந்தாவை ஏற்றி வரும்போது, "கியாசு, மாரை அடைக்குதுடா" என்றார். வண்டியை நிறுத்தவில்லை. ஒற்றைக் கையால் ஓட்டி, ஆஸ்பத்திரி வாசலில் கை பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவரும் பிழைத்தார். ஆனால் இனி வண்டி ஓட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். மறுவாரமே சீட்டைக் கிழித்துவிட்டார் முதலாளி உமாபதி. பட்டுக்கடை லாபத்தில் தர்ம ஆஸ்பத்திரி நடத்தும் புண்ணியவான்!

புது டிரைவர் கோதண்டபாணி வெளியூர். விடிகாலையில் எந்தத் தெருவில் பாவு நீட்டுவார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நீட்டிய பாவை நடுவில் அசைத்தால் இழை சிக்கிப் பாவே பாழ். எமனே வந்தாலும் சுற்றித்தான் போகணும் என்பார்கள் நெசவாளிகள். அண்ணன் முந்தின சாயங்காலமே டீக்கடையில் விசாரித்து வைத்துக்கொள்வார். போன வெள்ளிக்கிழமை கோதண்டபாணி பாவுத் தெருவில் நுழைந்து, பின்வாங்கி, ஊரைச் சுற்றி வந்தான். பாம்பு கடித்த ஐயம்பேட்டைப் பொன்னியம்மாள் என் மடியிலேயே அடங்கிப்போனாள். அவள் கை என் சட்டையை விடவே இல்லை.

அண்ணனைப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெருக்குகிற கங்கையம்மாளையும் கோதண்டபாணியையும் கூட்டிக்கொண்டு முதலாளி முன்னால் நின்றேன்.

"வண்டிக்கு வர்ற ஃபோனை எடுக்குற நாற்காலி காலியாத்தான் கெடக்குது மொதலாளி. மணியடிச்சா கங்கையம்மா தொடப்பத்தைப் போட்டுட்டு ஓடுறாங்க. அண்ணனை அதுல உக்கார வையுங்க. எந்தத் தெருவுல போலாம்னு அவரு சொல்லிடுவாரு."

"தர்ம ஆஸ்பத்திரிடா இது. நோயாளிக்குக் கட்டில் உண்டு. நாற்காலி கிடையாது."

"உங்க வண்டியை ஓட்டிக்கினுதானே சாமி அவரு நோயாளியானாரு?" என்றாள் கங்கையம்மாள்.

"வாய் நீளுதே! பிடிக்கலைன்னா மூணு பேரும் கெளம்புங்க. வாசல்ல நூறு பேர் நிக்கிறான்."

கோதண்டபாணி தலை நிமிரவில்லை. "அந்தம்மா செத்தது என்னாலதாங்க. அவரு வராம நான் வண்டி எடுக்க மாட்டேன்."

சாயங்காலம் மூணு பேரும் போய் இதைச் சொன்னதும் அண்ணன் பதறிவிட்டார். "வண்டி நிக்கக்கூடாதுப்பா. நின்னா சாவறது நம்ம ஜனந்தான்." பிறகு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தப் பொழப்புக்கு அன்னிக்கே ஸ்டியரிங் மேல போயிருக்கலாம்டா கியாசு."

"வண்டி ஓடட்டும்பா. நீ நாற்காலியில வந்து உக்காரு. எழுப்புறவன் எங்களைத் தாண்டி வந்து எழுப்பட்டும்" என்றாள் கங்கையம்மாள்.

மறுநாள் விடியலில் அவர் உட்கார்ந்த கால் மணிக்குள் ஃபோன் அலறியது. சாயப்பட்டறையில் ஒருவன் மேல் கொதிநீர் கொட்டிவிட்டதாம். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நேர் வழியில இன்னிக்குப் பாவு நீட்டியிருக்குது. சுத்திப் போனா ஆள் தேற மாட்டான். மணியடிச்சிக்கினே போங்க. பாவைத் தூக்கி வழிவிடச் சொல்லி நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். முதலில் மூங்கிலைப் பிடித்தவன் காந்தாவின் புருஷன் அர்ஜுனன். "தூக்குங்கப்பா!" இருபது பேர் ஒரே மூச்சில் தூக்கி, பாவோடு சுவரோரம் ஒதுங்கினார்கள். எத்தனை இழை அறுந்தது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஆளை மூச்சோடு கொண்டுவந்து சேர்த்தோம். ஃபோன் அறை வாசலில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். "எழுந்திருடா! போலீஸைக் கூப்பிடுவேன்!" துடைப்பமும் கையுமாகக் கங்கையம்மாள் கதவை மறித்திருந்தாள். நானும் கோதண்டபாணியும் அவள் பக்கத்தில் போய் நின்றோம். திரும்பிப் பார்த்தால், கஞ்சி காயாத கைகளோடு தெருவே எங்கள் பின்னால் நின்றது. முதலாளியின் கடைக்குப் பட்டு நெய்கிறவர்கள்.

ஃபோன் மறுபடி அடித்தது. முதலாளி அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அண்ணன் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க, எந்தத் தெரு?"