கதியால் போட்ட சீரப்பிள்

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் மாதா திருவிழாக் குழுவின் தலைவராக இருக்கும் ஜேசுரட்ணத்தாருக்கு, அடுத்த வீட்டு மரம் பூத்த நாளிலிருந்து சாப்பாடு செமிக்கவில்லை.

அப்படி ஒன்றும் பெரிய மரமல்ல. ஆனால் மே மாதம் பிறந்தால் போதும், இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும். பிறகு சுண்டங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாய்ச் சிவந்த அப்பிள்கள் குலைகுலையாய்த் தொங்கும். வாயில் வைத்தால் புளிப்பில் கண் தானாக மூடும். அழகுக்கென்றே வளர்க்கிற அப்பிள் என்பதால் ஜெர்மன்காரர் அதைச் 'சீர்அப்ஃபெல்' என்கிறார்கள். நம் சனம் அதைச் சீரப்பிள் ஆக்கிவிட்டது. பெயரிலேயே சீர் இருக்கிறது, கலியாணப் படம் எடுக்க இதைவிட ராசியான மரம் வேறில்லை என்று ஒரு கதையும் கட்டிவிட்டது.

மரத்துக்குச் சொந்தக்காரன் ஜோன்சன். எண்பதுகளில் அகதி விடுதியில் இருவருக்கும் ஒரே அடுக்குக் கட்டில். கீழே ஜேசுரட்ணத்தார், மேலே ஜோன்சன். அன்று மேலே ஏறியவன் இன்னும் இறங்கவில்லை என்பதுதான் ஜேசுரட்ணத்தாரின் மனக்குறை. குழுத் தலைவர் என்ற முறையில் திருவிழாவுக்குத் திருவிழா அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் அலுமாரி நிறையக் கிடந்தன. அதே திருவிழாக்களில் ஜோன்சன் வெளியே நின்று கார்களுக்கு இடம் காட்டுவான். அவனுக்குப் போர்த்தப்படுவது மஞ்சள் ஒளிரும் அங்கி மட்டும். அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் மே மாதம் முழுக்கச் சனம் வரிசையில் நின்றால் ஒரு தலைவருக்கு எப்படியிருக்கும்?

போதாததற்கு மரத்தின் இனப்பெயர் றூடோல்ஃப். "எங்கட றூடோல்ஃப் இந்த முறை கொஞ்சம் பிந்திப் போனான்" என்று, ரயிலைத் தவறவிட்ட மருமகனைப் பற்றிச் சொல்வதுபோல ஜோன்சன் சொல்வான்.

இதையெல்லாம் ஜேசுரட்ணத்தார் தாங்கிக்கொண்டார். மகள் பிறின்சி, அடுத்த மே மாதம் கலியாணம் என்று நாள் குறித்த கையோடு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்பா, படம் ஜோன்சன் மாமா வீட்டு மரத்தடியிலதான். நான் கேட்டிட்டன், அவர் ஓம் எண்டிட்டார்."

அன்று மாலையே குழுக் கூட்டத்தில், திருவிழா ஒலிபெருக்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடையில், தலைவர் எழுந்து அறிவித்தார்: "என்ர பிள்ளையின்ர கலியாணப் படம் என்ர வளவுக்குள்ள, என்ர மரத்தடியிலதான் எடுபடும்." குழு கைதட்டியது. அவரிடம் அப்போது மரம் இருக்கவில்லை.

ஒக்டோபரில் மரம் வந்தது. ஆளுயரத்தை மீறிய மரம், அதே றூடோல்ஃப். வரும் வசந்தத்திலேயே பூக்கும் என்று தோட்டக் கடையில் உறுதி சொன்னார்கள். மரநடுகை விழா என்று அழைப்பிதழ் போனது. நாடா வெட்டப்பட்டது. உப தலைவர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். புலம்பெயர் மண்ணில் வேர்விடுதல் பற்றித் தலைவர் நீண்ட உரையாற்றினார். 'இம்மரம் தலைவர் அவர்களால் நாட்டப்பட்டது' என்ற பித்தளைப் பலகை, மரத்தின் தண்டைவிட அகலமாக, திரைநீக்கம் செய்யப்பட்டது. வந்தவர்கள் றோல்ஸும் பற்றீஸும் சாப்பிட்டார்கள். பிறகு தட்டோடு வேலியோரம் போய், பக்கத்து மரத்தில் சிவந்து தொங்கிய குலைகளோடு செல்ஃபி எடுத்தார்கள்.

விழா முடிந்ததும் ஜேசுரட்ணத்தார் வேலிக்கு வந்தார்.

"ஜோன்சன், உம்மட அப்பிள் முழுக்க என்ர புல்லுக்குள்ள விழுந்து கிடக்குது. வந்து பொறுக்கும்."

"அது ஏலாது அண்ணை. உங்கட வளவுக்குள்ள விழுந்தால் அது உங்கடது. இந்த நாட்டுச் சட்டம் அப்பிடி."

"ஆர் சொன்னது?"

"சட்டப் புத்தகத்திலயே கிடக்குது. வைச்சுச் சாப்பிடுங்கோ."

தலைவர் குனிந்து குனிந்து பொறுக்கினார். ஒவ்வொரு அப்பிளும் அவருக்கு ஒரு ஜோன்சனாகத் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அவனுக்கு ஒரு மரம், தனக்கும் ஒரு மரம் என்றால் சமம் என்றல்லவா ஆகும்? யாழ்ப்பாணத்தில் வேலிக்குக் கதியால் போட்டு வளர்ந்தவர் அவர். கிளுவையோ பூவரசோ முருங்கையோ, தடியை வெட்டி ஊன்றினால் தளிர்க்கும், தறித்த மரமும் முன்னையைவிடச் சடைக்கும். எனவே பெப்ரவரியில் கத்தியோடு இறங்கி, மரத்தை நெஞ்சளவில் விட்டுக் கொப்பெல்லாம் தறித்தார். தறித்த தடிகளை வேலியோரம் வரிசையாக ஊன்றினார். மே மாதம் ஜோன்சன் ஒரு மரத்தோடு நிற்க, தான் ஒரு சோலையோடு நிற்கும் காட்சி கண்ணுக்குள் வந்தது. செமிபாடுகூடக் கொஞ்சம் சீரானது.

வேலிக்கு மேலால் ஒரு கம்பளித் தொப்பி எட்டிப்பார்த்தது.

"என்னண்ணை, கதியாலே போடுறியள்? இஞ்ச எந்த ஆடு வரப்போகுது?"

"பார்த்துக்கொண்டிரும். மே மாதம் தெரியும்."

"ஓமோம், தெரியும்," என்றான் ஜோன்சன். "நல்லா ஒட்ட வெட்டுங்கோ அண்ணை."

சீரப்பிளின் பூமொட்டுகள் முந்திய கோடையிலேயே பழைய கொப்புகளில் கட்டிவிடும், பெப்ரவரியில் தறித்தால் அந்த வருடப் பூ அத்தனையும் போய்விடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனது மரத்தை விற்றவர் அதை இருமுறை சொல்லியிருந்தார். அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

ஏப்ரலில் கதியால் ஒன்றில் இரண்டு தளிர் வந்தது. தலைவர் அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டார். "வாழ்த்துகள் தலைவர்" என்று குழுவே எழுதியது. மறுகிழமை தளிர் கருகிய செய்தியை அவர் போடவில்லை. நெஞ்சளவு கட்டையிலிருந்து நேர்நேராக, வீடு கூட்டும் தும்புத்தடிகள்போலக் கிளைகள் கிளம்பின. இலை இருந்தது. பூ மருந்துக்கும் இல்லை. அடுத்த வளவில் றூடோல்ஃப் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டான்.

கலியாணக் காலை. கோயிலுக்குப் போகமுன் படம். டார்ம்ஸ்டாட்டில் படித்துக்கொண்டே படப்பிடிப்பும் செய்யும் அரவிந்த் என்ற சென்னைப் பையன் வந்திருந்தான். இரண்டு வளவுகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே வேலிக்கு நடந்தான்.

"அங்கிள், எல்லாரும் அந்தப் பக்கம் வாங்க. லைட் செமயா இருக்கு."

"நான் வேலி தாண்ட மாட்டன் தம்பி. நானில்லாமல் படமும் இல்லை."

வெள்ளை உடுப்பின் கரையைத் தூக்கிப் பிடித்தபடி பிறின்சி நின்றாள். "அப்பா, உங்கட பக்கம் என்ன இருக்குது? தும்புத்தடியும் பெயர்ப்பலகையும்."

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி ஞானமலர், "இண்டைக்கு ஒருநாள் அந்த வீறாப்பைக் கழட்டி வைச்சிட்டு வாங்கோவன்."

மரத்தடியில் கோட்டுச் சூட்டோடு நின்ற ஜோன்சன் தேனாய்ப் பேசினான். "வாங்கோ அண்ணை, எங்கட மரம் உங்கட மரம் மாதிரித்தானே."

அந்தப் பெருந்தன்மைதான் தலைவரை ஒரேயடியாகச் சாய்த்தது. அவர் தன் கட்டையருகே போய் நின்று கைகளைக் கட்டிக்கொண்டார். பிறின்சியின் கண் கலங்குவது தெரிந்தது. அதைக் கண்டும் அவர் கால் நகரவில்லை.

"சரி, ஒரு அட்ஜஸ்ட்மெண்ட்," என்றான் அரவிந்த். "பொண்ணு இங்கயே நிக்கட்டும். யாராச்சும் அந்தக் கிளையை வேலிக்கு இந்தப் பக்கம் வளைச்சுப் பிடிங்க."

ஜோன்சன் சோடாத்தண்ணிப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, பூத்த கொப்பை இரண்டு கையாலும் இழுத்து வளைத்தான். பூக்கள் பிறின்சியின் தலைக்குமேல் இறங்கின. வேலிக்குப் பின்னால் அவன் முகம் அப்பிளாய்ச் சிவந்தது. ஜேசுரட்ணத்தார் அதைப் பார்த்தார். மேல்கட்டில்காரன் பெட்டிமேல் நின்று, தன் வீட்டுப் படத்துக்குத் தூணாக முக்கிக்கொண்டிருக்கிறான். அந்த வருடத்தில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னுமொண்டு எடும் தம்பி."

"அண்ணை, கை நோகுது."

"பிறின்சி சிரிக்கேல்லை. இன்னுமொண்டு. மாப்பிள்ளை பக்கத்துக்கும் ஒண்டு அனுப்ப வேணும், எடும்."

படீரென்றது. கொப்பு அடியோடு முறிந்து, மணப்பெண்ணின் காலடியில், தலைவரின் புல்தரையில் விழுந்தது. இதழ்கள் எல்லார் தலையிலும் கொட்டின.

"ஐயோ, றூடோல்ஃப்!" என்றான் ஜோன்சன், பெட்டிமேல் நின்றபடி.

தலைவர் நிதானமாகக் குனிந்தார். அப்பிள் பொறுக்கிய அதே குனிவு. கொப்பைத் தூக்கி நிமிர்ந்தார்.

"ஜோன்சன், இது எங்க விழுந்தது?"

ஜோன்சன் பெட்டியை விட்டு இறங்கினான்.

"சட்டம் நீர் சொன்னதுதானே? ஞானமலர், ஓடிப்போய் அலுமாரிக்குள்ள இருந்து ஒரு பொன்னாடை எடுத்துவாரும்."

முறிந்த கொப்பைத் தன் கட்டையோடு சேர்த்துப் பிடித்து, பொன்னாடையால் சுற்றி இறுக்கிக் கட்டினார். பித்தளைப் பலகையைச் சட்டைக் கையால் துடைத்தார். மகளைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இப்ப எடும் தம்பி. என்ர மரத்தடியில."

பிறின்சிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எடுத்ததில் நல்ல படம் அதுதான் என்று அவளே பிறகு சொன்னாள். பூசை முடிந்து வருவதற்குள் பூ வாடிவிட்டது. படத்தில் வாடவில்லை.

ஜூனில் அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு வரவேற்பறையில் தொங்கியது. ஜோன்சன் வந்து அதன்முன் நெடுநேரம் நின்றான். கொப்புக்கு நியாயம் கேட்கப் போகிறான் என்று தலைவர் பதிலோடு தயாராக இருந்தார். ஜோன்சனின் பார்வையோ பூக்களைத் தாண்டிக் கீழே, கட்டையைச் சுற்றிப் பளபளத்த சரிகைக்குப் போய்விட்டது.

"மரத்துக்கே போர்த்திப்போட்டியள். எத்தினை வருசமாய்த் திருவிழாவில காருக்கு இடம் காட்டுறன், எனக்கு ஒருக்காலும் போர்க்கேல்லையே அண்ணை."