மண்டபம் கிடைத்த ஞாயிறு

பள்ளிப் பையின் ஒரு பட்டை துளசியின் கையில் இருந்தது. மற்றது அவள் அத்தை இராஜம்மாவின் கையில்.

"விடுங்க அத்தே, பஸ் வந்துரும்."

"பஸ்ஸாவது லோரியாவது! வயசுக்கு வந்த பிள்ள பதினாறு நாளைக்கு வாசப்படி தாண்டக் கூடாது. பைய விடுடி!"

துளசிக்குப் பதினோரு வயது. புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஞாயிறு மாலை உடையில் இரத்தம் கண்டு பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள். திலகா மகளை அணைத்துக்கொண்டாள்; செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா கணேஸ்வரன் தம் அக்காவுக்குப் போன் போட்டார். திங்கள் விடியும் முன்பே இராஜம்மா வந்து இறங்கிவிட்டாள்.

"ம்மா, வியாழக்கெழம போட்டிம்மா," என்றாள் துளசி.

மாவட்டப் பேச்சுப் போட்டி. பெண் கல்வி என்பது தலைப்பு. பள்ளியின் சார்பில் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். லீலாவதி டீச்சர் எழுதிக் கொடுத்த பேச்சில் பாதியை அவளே மாற்றி, தன் வாய்க்கு வரும்படி ஆக்கி வைத்திருந்தாள்.

திலகா கணவனைப் பார்த்தாள். செம்பனை ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணேஸ்வரன், குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார்.

"அக்கா சொன்னா கேளுலா. பொம்பளப் பிள்ளைக்கு ஒரு தடவதானே."

பை இராஜம்மாவின் கைக்குப் போயிற்று.

அடுப்படிக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் அறையிலிருந்து அரிசி மூட்டையை வெளியே எடுத்து, துளசியை உள்ளே வைத்தார்கள். ஒரு பாய், தனித் தட்டு, தனிக் குவளை. அவள் தொட்டதை வேறு யாரும் தொடக்கூடாது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் விசிறியும் இல்லை. கதவை ஒருக்களித்து வைத்தால் அத்தை வந்து சாத்தினாள்.

செவ்வாய் மாலை லீலாவதி டீச்சரின் கார் வாசலில் நின்றது. குரல் கேட்டதுமே துளசி எழுந்துவிட்டாள். டீச்சர் பேசினால் அப்பா கேட்பார். டீச்சர் படித்தவர்.

டீச்சர் ஒரு பெட்டி இனிப்பும் கண்ணாடி வளையல்களும் கொண்டுவந்திருந்தார். ஸ்டோர் வாசலில், படியை மிதிக்காமல் நின்றார்.

"வாழ்த்துகள்டா துளசி."

"டீச்சர், நான் வியாழக்கெழம வர்றேன் டீச்சர். நீங்க அப்பாகிட்ட சொல்லுங்க."

"நம்ம பழக்கவழக்கம்டா. அதுல நான் எப்படித் தலையிடறது? கோகிலனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன், உனக்குப் பதிலா அவன் போறான். ஆனா நீ பேசற மாதிரி வரல. ஒரு வாட்டி முழுசா பேசு, வீடியோ எடுத்துக்கறேன். நீயே போன சாச்சு வச்சிக்க." பிறகு இராஜம்மாவிடம் திரும்பி, "அவ போனத் தொடலாம்தானே?" என்று கேட்டார்.

"அதெல்லாம் தொடலாம் டீச்சர்," என்றாள் இராஜம்மா.

துளசி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பேசினாள். கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தினாள். ஒரு சொல்லையும் விடவில்லை. முடிந்ததும் போனைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஐந்தாம் ஆண்டுக்கு நலக்கல்விப் பாடம். அன்றைய பாடம் பருவமடைதல். லீலாவதி டீச்சர் பாடநூலைப் பார்த்துச் சொல்ல, பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொன்னார்கள். இது நோய் அல்ல. இதில் அசுத்தம் எதுவும் இல்லை. வழக்கம்போல் குளிக்கலாம், விளையாடலாம், பள்ளிக்குச் செல்லலாம்.

துளசியின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த அலீசியா எழுந்தாள்.

"டீச்சர், அப்ப துளசி ஏன் வரல?"

பின்வரிசைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அது அவங்க வீட்டு விஷயம். உக்காரு."

"புக்குல ஸ்கூலுக்குப் போகலாம்னு போட்டிருக்கே டீச்சர்?"

"அது பரீட்சைல கேப்பாங்க. அப்படியே எழுது, போதும்."

அலீசியா உட்கார்ந்தாள். மற்றவர்களும் எழுதிக்கொண்டார்கள். புத்தகத்தில் இருப்பது பரீட்சைக்கு, வீட்டில் நடப்பது வேறு என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் குழந்தைகள் அன்று படித்தார்கள்.

வியாழன் மதியம் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த திலகாவின் போனுக்குப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு படம் வந்தது. கோகிலன் கையில் கோப்பை. அவனுக்கு ஒரு பக்கம் தலைமையாசிரியர், மறுபக்கம் லீலாவதி டீச்சர். 'பெண் கல்விக்காக முழங்கி முதல் பரிசு வென்ற நம் மாணவன்!' கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

திலகாவும் ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இப்படிப் பாயில் உட்கார்ந்தவள்தான். உட்கார்ந்து எழுந்தபோது பாடங்கள் வெகுதூரம் போயிருந்தன. "இனி என்னத்துக்கு?" என்றார் அப்பா. அதோடு அவள் படிப்பு நின்றது. அன்று யாரும் அவளுக்காக வாயைத் திறக்கவில்லை. இந்தத் திங்கட்கிழமை தானும் திறக்கவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்தபோது அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "இன்னும் எத்தன நாளைக்கு அண்ணி பிள்ளைய உள்ள போட்டு வைக்கறது?"

"ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்திரலாம்," என்றாள் இராஜம்மா உற்சாகமாக. "மண்டபம் கெடச்சிருச்சு."

"பதினாறு நாளுன்னு சொன்னீங்க?"

"அத விட்டா ரெண்டு மாசத்துக்கு மண்டபமே இல்லையாம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"போட்டிக்கு மட்டும் கோவிச்சுக்குமா?"

கணேஸ்வரன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலில் ஆளுயரப் பதாகையில் துளசி சிரித்தாள். உள்ளே, பட்டுச் சேலையிலும் நகைகளிலும் முகம் தெரியாத அளவு பூச்சிலும், மேடையில் வெல்வெட் நாற்காலியில் உட்கார்த்தப்பட்டிருந்தாள். நேற்றுவரை தொடக்கூடாதவளாக இருந்தவளை இப்போது கண்டவர்களெல்லாம் கன்னத்தைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

விருந்துக்கு நடுவே அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "நம்ம தலைமையாசிரியர் விருப்பத்துக்காக, மாவட்டத்துல முதல் பரிசு வாங்கின தம்பி கோகிலன் இப்ப பேசுவாரு!"

கோகிலன் மேடையேறினான். நன்றாகத்தான் தொடங்கினான். பாதியில் திரும்பி, நாற்காலியில் இருந்த துளசியைப் பார்த்தான். பேச்சு நின்றுவிட்டது. சொன்ன வரியையே மறுபடி சொன்னான். பிறகு அதுவும் வரவில்லை.

"பூட்டின கதவுக்குப் பின்னால் எந்த அறிவும் வளராது," என்று துளசி எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டம் சிரித்தது. கோகிலன் சிரிக்கவில்லை. மைக்கை அவளிடம் நீட்டினான். துளசி எழுந்தாள்.

"உக்காருடி, எல்லாரும் பாக்கறாங்க," என்று இராஜம்மா பல்லைக் கடித்தாள்.

"இது என் பேச்சு," என்றாள் துளசி மைக்கில். "போட்டி அன்னிக்கு நான் ஸ்டோர் ரூம்ல இருந்தேன். எனக்குக் காய்ச்சல் இல்ல. நான் தப்பும் செய்யல. டீச்சர் வந்தாங்க. என் பேச்ச எடுத்துட்டுப் போனாங்க. என்னய விட்டுட்டுப் போயிட்டாங்க."

விருந்துக்கு வந்திருந்த லீலாவதி டீச்சர் தம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இராஜம்மா கையைக் காட்ட, பாட்டுப் போடுகிறவன் நாதஸ்வரத்தை முழுச் சத்தத்தில் வைத்தான். துளசியின் உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை.

திலகா பந்தியிலிருந்து எழுந்து நேராக ஒலிப்பெட்டி அருகே போய்க் கம்பியைப் பிடுங்கினாள். மைக்கும் சேர்ந்து செத்தது.

"அவ பேசி முடிக்கட்டும்லா," என்றாள், திரும்பி நின்று.

மைக் இல்லாமலே துளசி பேசினாள். மீதிப் பேச்சு முழுவதையும், கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, கடைசி வணக்கம் வரை சொல்லி முடித்தாள். கோகிலன் மட்டும் கை தட்டினான்.

திலகா மேடையேறி மகளின் கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கணேஸ்வரன் குறுக்கே வந்தார்.

"எங்க போறீங்க? இன்னும் ஆலத்தி எடுக்கலயே! சொந்தக்காரங்க முன்னால மானத்த வாங்காத திலகா!"

"நாளைக்கு ஸ்கூல் இருக்குங்க," என்றாள் திலகா. "பிள்ள மூஞ்சியக் கழுவிட்டுத் தூங்கட்டும். வழிய விடுங்க."